அருந்ததி பார்த்தலும் அளந்தறிதலும்

பேராக் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்த ஊர் பாரிட் புந்தார். அங்கே ஒரு தமிழ்த் திருமணம் நடைபெறுகிறது என்று கொள்க. முற்பகல் பத்து மணி. தாலி ஏறிவிட்டது. அம்மி மிதித்த மணமகளுக்குக் குருக்கள் கையை உயர்த்தி அருந்ததியைக் காட்டுகிறார். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். கண்ணில் படுவன மண்டபத்துக் கூரையும் அதில் சுழலும் மின்விசிறியுமே. “தெரிகிறதா?” என்று கேட்கிறார். “தெரிகிறது” என்கிறாள். இதில் குற்றம் காண ஒன்றும் இல்லை. சடங்கு சடங்காக நிற்பதில் யாருக்கும் இழப்பில்லை.

குற்றம் அதன்பின் தொடங்குகிறது. வாழ்த்துரை வழங்க எழும் பெரியவர், “அருந்ததியும் வசிட்டரும் ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை விண்மீன்கள். மேலைநாட்டான் நேற்றுக் கண்டதைத் தமிழன் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டான்!” என்று முழங்குகிறார். மண்டபம் கைதட்டுகிறது. அவையில் அமர்ந்திருக்கும் ஆசிரியரும் கைதட்டுகிறார். மறுநாள் அந்தச் செய்தி வகுப்பறைக்குள் நுழைகிறது. மாணவன் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறான். எவர் கண்டார், எப்படிக் கண்டார், எதை வைத்து அளந்தார் என்று அவன் கேட்பதில்லை. கேட்க அவனுக்கு எவரும் கற்பிக்கவும் இல்லை.

அதே மண்டபத்தின் மறுகோடியில் இன்னொரு குரல் எழுகிறது. “அறிவியலைத் தமிழில் படித்து என்ன ஆகப்போகிறது? அந்தச் சொற்களுக்கெல்லாம் தமிழில் இடம் ஏது?” என்று அது கேட்கிறது. முதற்குரல் தமிழை வானளாவ உயர்த்துகிறது. இரண்டாவது குரல் தரையில் போட்டு மிதிக்கிறது. இரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. “எல்லாம் முன்னோர் கண்டுவிட்டனர், இனிக் காண ஒன்றும் இல்லை” என்பது ஒன்று. “எல்லாம் பிறர் காண்பார், தமிழன் காண ஒன்றும் இல்லை” என்பது மற்றொன்று. இரண்டும் தமிழ் மாணவனின் கையிலிருந்து அளவுகோலைப் பறிக்கின்றன.

கண்டது வேறு, அறிந்தது வேறு

முதற்குரலை முதலில் எடுத்துக்கொள்க. எழுமுனிவர் கூட்டத்தின் வால்பகுதியில் உள்ள வசிட்ட மீனுக்கு மிக அருகே அருந்ததி மங்கலாகத் தெரிகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள கோணம் ஏறத்தாழ 12 கலை. முழுநிலவின் அகலம் ஏறத்தாழ 30 கலை என்றால், இந்த இடைவெளி அதில் பாதிக்கும் குறைவு. கூர்மையான கண் உடையவர் பிரித்தறியலாம். சங்கப் புலவர் அருந்ததியை வடமீன் என்றனர். இளங்கோவடிகள் சாலி என்றார். இவர்கள் அனைவரும் அதைக் கற்புக்கு உவமையாக்கினர். ஒன்று மற்றொன்றைச் சுற்றுகிறது என்று இவர்களுள் எவரும் பாடவில்லை. சொல்லாத ஒன்றை அவர்கள் வாயில் திணிப்பது அவர்களுக்குப் பெருமை ஆகாது. அவர்கள் சொன்னதைக் கேளாத குற்றமே ஆகும்.

இரண்டு மீன்கள் அருகருகே தெரிவதால் மட்டும் அவை இரட்டையர் ஆகிவிடா. கிரியான் வயல்வெளியில் இருட்டில் நின்று பார்ப்பவனுக்கு, பக்கத்து வரப்பில் செல்பவனின் கைவிளக்கும் தொலைவிலுள்ள சாலை விளக்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பனபோல் தோன்றலாம். அவை உறவினர் அல்ல. பார்ப்பவனின் கண்கோட்டில் விழுந்த அயலார். வானத்திலும் அப்படியே. ஓர் இணை உண்மையில் ஒன்றையொன்று சுற்றுகிறதா என்று சொல்ல வேண்டுமானால், ஆண்டுக்கணக்கில் இரண்டின் நிலையையும் அளக்க வேண்டும். இடம் மாறுகிறதா, எந்தப் பக்கம், எவ்வளவு என்று குறித்துவைக்க வேண்டும். வசிட்ட மீன் ஒன்றன்று, இரண்டு என்பது 1617இல் தொலைநோக்கி காட்டியது. அவற்றுள் ஒன்று மீண்டும் இரண்டு என்பது 1889இல் ஒளிப்பட்டையை ஆராய்ந்தபோது தெரிந்தது. கருவியும் பொறுமையும் கொடுத்த அறிவு அது.

புறநானூற்றின் 30ஆம் பாட்டை மேடையில் எடுத்துக்காட்டாத பேச்சாளர் அரியர். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய பாட்டு அது. ஞாயிற்றின் செலவையும் காற்றின் இயக்கத்தையும், நேரே போய் அளவிட்டு வந்தவரைப்போலக் கூறவல்லார் உண்டு என்று அதில் புலவர் சொல்கிறார். அறிதலுக்கு அவர் எடுத்துக்கொண்ட அடையாளம் எது என்று பேச்சாளர் நின்று நோக்கியதுண்டா? அளத்தல் அன்றோ! அந்தப் பாட்டைத் தற்பெருமைக்குச் சான்றாக்குவது எளிது. அதற்கு வழித்தோன்றலாக வாழ்வதே அரிது.

காணாததைக் கணக்கால் காணல்

தமிழ்ச் சிறுமியர் இருவர் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவதைப் பாராத ஆசிரியர் இல்லை. ஒருத்தி வெள்ளை உடுத்தியிருக்கிறாள். மற்றொருத்தி கறுப்பு உடுத்தியிருக்கிறாள். பொழுது சாய்ந்துவிட்டது. தொலைவில் நிற்பவனுக்கு வெள்ளை உடை மட்டுமே தெரிகிறது. அது ஒரு வட்டத்தில் சுழல்கிறது. தனியே நிற்பவள் அப்படிச் சுழலமாட்டாள். அவள் கையை யாரோ பற்றியிருக்க வேண்டும் என்று அவன் முடிவு செய்கிறான். வட்டத்தின் அகலத்தையும் சுற்றும் நேரத்தையும் அளந்தால், காணாத தோழி எவ்வளவு எடை உடையவள் என்பதையும் கணக்கிடலாம். வானளவை என்னும் கலையின் உயிர்நாடி இதுவே. விண்மீனின் இடத்தை நுட்பமாக அளந்து, அதன் தள்ளாட்டத்தைக் கொண்டு மறைந்திருக்கும் துணையைக் கண்டுபிடிப்பது அது.

1844இல் ஜெர்மானிய அறிஞர் பெசல், வானிலேயே ஒளிமிக்க சிரியஸ் மீன் நேர்கோட்டில் செல்லாமல் வளைந்து வளைந்து செல்வதை அளந்து காட்டினார். கண்ணுக்குப் படாத துணை ஒன்று உண்டு என்றார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1862இல் அமெரிக்கக் கருவிவினைஞர் ஆல்வன் கிளார்க் புதிய தொலைநோக்கியைச் சோதிக்கும்போது அந்தத் துணையைக் கண்ணாலேயே கண்டார். பூமியளவே பருமன், சூரியனளவு எடை. இத்தகைய வெண் குறுவிண்மீன்களின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்னும் சிந்தனையை 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது தொடங்கியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தமிழன் பெருமை பேச விரும்புவோர் இதைப் பேசலாம். ஆனால் அவர் பெருமை, முன்னோர் கண்டதைத் திருப்பிச் சொன்னதால் வந்ததன்று. தாமே கணக்கிட்டதால் வந்தது.

சென்னையில் நேர்ந்த பிழை

இந்தக் கதையில் தமிழகத்துக்கு நேரான ஓர் இடம் உண்டு. அதை மேடைகள் சொல்வதில்லை; ஏனெனில் அது ஒரு பிழையின் கதை.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கும்பினி வான்நோக்ககம் ஒன்றைக் கட்டியது. கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூணில் பிறமொழிகளோடு தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துப் பொறித்தார்கள். அங்கே இயக்குநராக இருந்த கேப்டன் ஜேக்கப் 1855இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ‘70 ஒஃபியூக்கி’ என்னும் இரட்டை விண்மீனின் சுற்றுப்பாதை கணக்கோடு ஒத்துவரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அதனோடு இருப்பது பெரிதும் ஏற்கத்தக்கது என்பது அவர் கூற்று. சூரியனுக்கு அப்பால் வேறொரு மீனைச் சுற்றும் கோள் உண்டென, அளவீட்டைச் சான்றாக வைத்து எழுந்த முதல் உரிமைக் கோரிக்கைகளுள் ஒன்று தமிழ் மண்ணில் எழுதப்பட்டது.

அது தவறாயிற்று. 1896இல் அமெரிக்கர் சீ என்பவர் அதே மீனுக்கு மீண்டும் ஒரு மறைதுணையைக் கூறினார். அப்படி ஒன்று இருந்தால் அந்தக் குடும்பம் நிலைத்திராது, சிதறிவிடும் என்று 1899இல் மோல்டன் கணக்கிட்டு மறுத்தார். 1943இல் மறுபடியும் ஓர் அறிவிப்பு. 1988இல் ஹைன்ட்ஸ் அதையும் தள்ளினார். ஆக, 130 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மீனைப் பற்றிய வழக்கு நடந்தது. பார்னார்டு விண்மீனைப் பற்றி 1963இல் வான் டி காம்ப் அறிவித்த கோளும் இவ்வாறே நிலைக்கவில்லை. தொலைநோக்கியின் வில்லைச் சட்டத்தில் செய்த மாற்றத்தை விண்மீனின் தள்ளாட்டமாகக் கருதிவிட்டார்கள் என்பது பின்னர் வெளிப்பட்டது. தள்ளாடியது மீனன்று, கருவி!

ஜேக்கப் இகழத்தக்கவரா? அல்லர். அவர் தம் எண்களை அச்சிட்டு வைத்தார். அதனால்தான் பிறர் அவற்றைச் சோதிக்க முடிந்தது, மறுக்கவும் முடிந்தது. திருமண மேடையில் முழங்கிய பெரியவரின் கூற்றை எவராலும் மறுக்க முடியாது. ஏனெனில் அதில் சோதிக்க ஓர் எண்கூட இல்லை. பிழைபடக்கூடிய கூற்றே அறிவியலாகும். பிழைபட வழியே இல்லாத கூற்று வெறும் ஒலி.

அதே நோக்ககத்தில் பணியாற்றியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. ஒளி மாறும் விண்மீன் ஒன்றை அவர் 1867இல் கண்டறிந்தார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதை எளிய மக்களுக்கு விளக்க இந்திய மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். பழைய வாய்பாட்டை அப்படியே ஒப்பிக்காமல், வானத்தைக் கண்டு திருத்திக் கணித்த திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக வாதாடினார். ‘திருக்’ என்னும் வடசொல்லுக்குக் காட்சி என்பது பொருள். கண்டு கணித்தது எதுவோ அதுவே திருக்கணிதம். மலேசியத் தமிழர் இன்றும் வாக்கியமா திருக்கணிதமா என்று நாள் குறிப்பதற்காக வழக்காடுகிறார்கள். அச்சொல்லில் பொதிந்த கட்டளையையோ எவரும் பின்பற்றுவதில்லை.

வானுக்கே சென்ற அளவுகோல்

ஜேக்கப்புக்கு எதிராக இருந்தவை இரண்டு. ஒன்று, நடுங்கும் காற்று. மற்றொன்று, வெயிலிலும் குளிரிலும் வளையும் கருவி. ஒரு பாகையை 60 கலையாகவும் ஒரு கலையை 60 விகலையாகவும் பகுப்பது பஞ்சாங்கம் அறிந்த கணக்கு. ஒரு விகலை என்பது ஒரு கிலோமீட்டர் தொலைவில் வைத்த அரிசியின் நீளத்தைவிடச் சற்றுக் குறைவாகத் தோன்றும் கோணம். துணைகள் உண்டாக்கும் தள்ளாட்டமோ விகலையில் நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று. ஆகவே அளவுகோலைக் காற்றுக்கு அப்பால் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

ஐரோப்பிய விண்வெளி அமைப்பு 1989இல் ஏவிய ஹிப்பார்க்கஸ் 1,18,000க்கு மேற்பட்ட விண்மீன்களை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு விகலை நுட்பத்தில் அளந்தது. அதன் பட்டியல் 1997இல் வெளிவந்தது. 2013 டிசம்பர் 19இல் புறப்பட்ட கையா 2025 ஜனவரி வரை வானத்தை ஓயாமல் துழாவியது. அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்டது. 2022இல் வெளிவந்த அதன் பட்டியலில் ஏறத்தாழ 180 கோடி விண்மீன்கள் உள்ளன. ஒளிமிக்க மீன்களுக்கு அதன் நுட்பம், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு தலைமயிரின் தடிப்பை அளப்பதற்கு ஒப்பாகும். இரட்டை எனக் கண்டறிந்தவை மட்டும் எட்டு இலட்சத்துக்கு மேல்.

இந்த அளவுகோல் பிடித்த அரிய வேட்டையே பழுப்புக் குறுவிண்மீன். அது பற்றாத அடுப்பு. வாயு திரண்டது; ஆனால் நீரகம் நின்றெரியும் அளவுக்கு எடை சேரவில்லை. வியாழனைப்போல் 13 மடங்கு முதல் ஏறத்தாழ 75, 80 மடங்கு வரை எடை உடையது. பிறந்தபோதுள்ள வெப்பத்தை இழந்துகொண்டே மங்கிப்போவது. இத்தகைய ஒன்று இருக்க வேண்டும் என்று 1960களின் தொடக்கத்தில் கணக்கிட்டவர் இந்தியாவில் பிறந்த சிவ் குமார். பழுப்பு என்னும் பெயரை 1975இல் இட்டவர் ஜில் டார்ட்டர். ஐயத்துக்கு இடமின்றிக் கண்ணுக்குத் தென்பட்டது 1995இல்தான். முயல் விண்மீன் கூட்டத்தில், ஏறத்தாழ 19 ஒளியாண்டுத் தொலைவில், ‘கிளீசு 229’ என்னும் செங்குறு விண்மீனைச் சுற்றும் துணை அது.

அதன்பின் ஒரு சிக்கல் எழுந்தது. ஹிப்பார்க்கஸ் அளந்த நிலையையும் கால்நூற்றாண்டு கழித்துக் கையா அளந்த நிலையையும் ஒப்பிட்டு, தாய்மீனின் தள்ளாட்டத்திலிருந்து துணையின் எடையை அறிஞர்கள் கணக்கிட்டார்கள். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கிடைத்த விடை வியாழனைப்போல் ஏறத்தாழ 70 மடங்கு. அவ்வளவு எடை உடையது அவ்வளவு மங்கலாக இருத்தல் ஆகாது. தராசு ஒன்று சொன்னது. விளக்கு வேறொன்று சொன்னது. எது பொய்? இரண்டும் பொய்யல்ல. 2024 அக்டோபரில் விடை வெளிவந்தது. ஒன்றென எண்ணிய அது இரண்டு! வியாழனைப்போல் 38 மடங்கும் 34 மடங்கும் எடையுள்ள இரண்டு பழுப்புக் குறுவிண்மீன்கள் 12 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. அவற்றின் இடைவெளி பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தொலைவைப்போல் பதினாறு மடங்கே. சிலியில் உள்ள பெருந்தொலைநோக்கிகள் இதை உறுதி செய்தன. ஐயத்தைக் கிளப்பியது விண்வெளி அளவை. ஐயத்தைத் தீர்த்தது தரையிலுள்ள கண்.

இரட்டையர் எப்படி மறைந்திருக்கக்கூடும் என்பதையும் மாணவர் அறிய வேண்டும். தட்டாமாலையில் இருவரும் ஒரே எடை, இருவர் கையிலும் ஒரே அளவு விளக்கு என்று கொள்க. தொலைவில் நிற்பவனுக்கு இரண்டு ஒளியும் கலந்து நடுவில் அசையாத ஒரே புள்ளியாகத் தெரியும். எடையின் நடுவும் ஒளியின் நடுவும் ஒன்றாகிவிட்டால் தள்ளாட்டம் மறைந்துவிடும். ஒத்த இரட்டையர் ஒருவரையொருவர் மறைத்துக் காப்பர். அளவை எங்கே பேசும், எங்கே வாய்மூடும் என்று தெரிந்திருப்பதும் அறிவின் ஒரு பகுதியே.

இன்னொரு சான்று. 2013இல் கண்டறியப்பட்ட ‘லூமன் 16’ ஆறரை ஒளியாண்டுத் தொலைவில் உள்ள பழுப்பு இரட்டை. சூரியனுக்கு மூன்றாவது அண்டைவீடு. அதில் மூன்றாவதாக ஒரு துணையும் இருக்கலாம் என்று தரையிலிருந்து எடுத்த அளவீடுகளைக் கொண்டு சிலர் எழுதினர். 1855ஆம் ஆண்டின் சென்னைக் கதை மீண்டும் அரங்கேறியது எனலாம். ஆனால் இம்முறை தீர்ப்புக்கு 130 ஆண்டுகள் ஆகவில்லை. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி மூன்றாண்டுக் காலம் அந்த இணையின் நிலைகளை அளந்தது. அத்தகைய துணை இல்லை என்று 2017இல் முடிவு வெளிவந்தது. சொன்னவர்களும் மானம் போயிற்று என்று ஒளிந்துகொள்ளவில்லை.

அளக்காதவன் பெற்ற கூலி

“இதெல்லாம் நெல்வயல் ஊரில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு எதற்கு?” என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும். கிரியானின் வயல்களே அளவையின் பிள்ளைகள் என்பதை அவர்கள் மறந்துவிட்டனர். 1906இல் முடிவுற்ற புக்கிட் மேரா நீர்த்தேக்கத்திலிருந்து தட்டையான நிலத்தில் நீர் ஓடுகிறதென்றால், வாய்க்காலின் சரிவை எவரோ விரற்கடை பிசகாமல் அளந்ததால்தான் ஓடுகிறது.

ரப்பர்த் தோட்டங்களின் நினைவோ இன்னும் கசப்பானது. விடியலில் மரம் சீவிய தமிழன் பாலைத் தூக்கிவந்து கொட்டகையில் வைத்தான். கிராணி தராசில் நிறுத்தார். மெட்ரோலாக் என்னும் குழலை மிதக்கவிட்டு, பாலில் உலர் ரப்பர் எவ்வளவு என்று குறித்தார். அந்த எண்ணே கூலி. எண் எப்படி வந்தது என்று அறியாதவன் குறித்ததை வாங்கிக்கொண்டு போனான். குறித்தவர் நேர்மையாளராயின் பிழைத்தான். அல்லராயின் அவன் பிள்ளைகள் பட்டினி கிடந்தனர். அளக்கத் தெரியாதவன் பிறர் அளந்து போட்டதையே உண்ண வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்தத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகளே இன்று தமிழ்ப்பள்ளி நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள். முன்னோர் எல்லாம் கண்டுவிட்டார் என்ற பெருமை மட்டும் அவர்களுக்குக் கிடைத்தால், அவர்களும் பிறர் குறித்த எண்ணை வாங்கிக்கொண்டே போவார்கள். தராசின் பெயர் மட்டும் மாறியிருக்கும்.

இனி இரண்டாவது குரல். மலேசியாவில் 2003 முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அக்கொள்கையைக் கைவிடுவதாக 2009இல் அரசு அறிவித்தது. 2016இல் இருமொழித் திட்டம் வந்தது. தமிழ்ப்பள்ளிகளைச் சுற்றி வழக்கு மீண்டும் மூண்டது. ஆங்கிலம் வேண்டாம் என்பது அறிவுடைமை ஆகாது; கையாவின் பட்டியலைப் படிக்க விரும்பும் மாணவனுக்கு ஆங்கிலம் வேண்டும், நன்றாகவே வேண்டும். ஆனால் ‘தமிழில் இடமில்லை’ என்பது பொய். பாகை, கலை, விகலை என்று கோணத்தைப் பகுக்கும் சொற்கள் தமிழில் பன்னெடுங்காலமாகப் புழங்குகின்றன. இராகு காலம் பார்க்கவும் சாதகம் கணிக்கவும் அவை பயன்படும்போது எவரும் அவற்றைப் போதாதவை என்று சொல்வதில்லை. விண்மீனை அளக்க அழைத்தால் மட்டும் அவை திடீரென்று ஏழையாகிவிடுமா? சென்னை வான்நோக்ககத் தூணில் 18ஆம் நூற்றாண்டிலேயே இடம்பெற்ற மொழிக்கு வகுப்பறைக் கரும்பலகையில் இடம் போதாதா? குறை மொழியில் இல்லை. கரும்பலகையில் எழுத வேண்டியதை எழுதாத கையில்தான் குறை.

இருட்டுக்கு வந்த ஆசிரியர்

ஐந்தாம் ஆண்டு அறிவியலில் நிலவின் கலைகளும் விண்மீன் கூட்டங்களும் பாடமாக உள்ளன. எத்தனை ஆசிரியர் அதைப் பகலில், படத்தைக் காட்டி, வினாத்தாளுக்காக நடத்தி முடிக்கின்றனர்! மண்டபக் கூரையில் அருந்ததி காட்டிய குருக்களுக்கும் அவருக்கும் என்ன வேறுபாடு? குருக்களாவது சடங்கு என்று சொல்லிச் செய்கிறார்.

செய்ய வேண்டியது பெரிதன்று, செலவும் இல்லை. பள்ளித் திடலில் ஒரு கோலை நட்டு, நண்பகல் நிழலை நாள்தோறும் அளந்து எழுதச் செய்யலாம். பாரிட் புந்தார் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஐந்து பாகையில் உள்ளது. ஆதலால் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் 10ஆம் நாளை ஒட்டியும் அந்த நிழல் கோலின் அடியிலேயே மறைந்துவிடும். அதைத் தானே கண்டுபிடித்த சிறுவன் ஒருநாளும் மறவான். கையை நீட்டி மடக்கிய முட்டி பத்துப் பாகை, சுண்டுவிரல் ஒரு பாகை என்று காட்டினால் வானமே வரைதாளாகும். ஒரே கோணத்தைப் பத்துப் பிள்ளைகள் அளந்தால் பத்து விடை வரும். “எது சரி?” என்று கேட்கும் பிள்ளையிடம், “ஏன் வேறுபட்டது?” என்று திருப்பிக் கேட்பவரே அறிவியலாசிரியர். ஜேக்கப் தவறியதும் கையா வென்றதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கும்.

சித்திரை மாதத்தில் வானம் தெளிந்த ஓர் இரவு, பத்து மணி அளவில் பிள்ளைகளைப் பெற்றோரோடு வயலோரத்துக்கு அழைத்து வரட்டும் ஆசிரியர். வடக்கே வசிட்டரும் அருந்ததியும் நிற்பர். தெற்கே அடிவானத்திலிருந்து மூன்று முட்டி உயரத்தில், கண்ணுக்குப் புலப்படாமல், லூமன் 16 சுற்றிக்கொண்டிருக்கும். ஐரோப்பாவின் பெரும்பகுதிக்குத் தென்வானின் அந்த மூலை தெரியாது. பாரிட் புந்தாருக்குத் தெரியும். ஒருபுறம் கண்டவுடன் தெரியும் இணை. மறுபுறம் அளந்தாலன்றித் தெரியாத இணை. இரண்டுக்கும் நடுவே நிற்கும் பிள்ளையிடம் வடதிசையைக் காட்டி, “இதை முன்னோர் கண்டனர், அவர்கள் கண்கூர்மைக்கு வணக்கம்” என்று சொல்லட்டும். தென்திசையைக் காட்டி, “இதைக் கண்டவர் அளந்தவர், நீயும் அளப்பாய்” என்று சொல்லட்டும். இரண்டையும் தமிழிலேயே சொல்லட்டும்.

அப்பிள்ளை நாளை மணமேடையில் நின்று நிமிரும்போது, “தெரிகிறதா?” என்று குருக்கள் கேட்பார். “இப்போது பகல், ஐயா. இரவில் பார்த்திருக்கிறேன், பன்னிரண்டு கலை” என்று அவள் விடை சொல்லக்கூடும். அந்த விடையைத் தரக்கூடிய பெண்ணை வளர்த்துக் கொடுத்த ஆசிரியர், ஈராயிரம் ஆண்டுப் பெருமையை மேடையில் முழங்கிய அனைவரையும்விடத் தமிழுக்கு மிகுதியாகச் செய்தவர் ஆவார்.